டஸ்கனி வில்லாவில் தங்க ஆசையா? இடிந்து கிடந்த பண்ணை வீடுகள் விடுதிகளான கதை... புக் பண்ணும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

2017 டிசம்பர் 11-ம் தேதி விராட் கோலி - அனுஷ்கா சர்மா திருமணப் படங்கள் வெளியானபோது, மணமக்களின் உடைக்கு இணையாகப் பேசப்பட்ட இன்னொரு விஷயம் திருமணம் நடந்த இடம். இத்தாலியின் டஸ்கனி பகுதியில், சியெனா நகருக்குத் தெற்கே இருக்கும் 'போர்கோ ஃபினொக்கியேத்தோ'தான் அது. பார்க்க அரண்மனை மாதிரி இருந்தாலும் அது அரண்மனை இல்லை. இடைக்காலத்தைச் சேர்ந்த ஒரு குட்டிக் கிராமம். இடிந்து கிடந்த அந்த இடத்தை 2001-ல் வாங்கி, பல ஆண்டுகள் செலவழித்துப் புதுப்பித்தவர் ஜான் பிலிப்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர். பின்னாளில் இத்தாலிக்கான அமெரிக்கத் தூதராகவும் இருந்தார். 2017 மே மாதம் ஒபாமா குடும்பத்தோடு வந்து தங்கியதும் இங்கேதான்.

இது ஏதோ ஒரு இடத்தில் நடந்த அதிசயம் இல்லை. டஸ்கனி முழுக்க இப்படித்தான். மலை உச்சியில் மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊர், அதைச் சுற்றி ஒலிவ மரங்கள், திராட்சைத் தோட்டங்கள், நடுநடுவே சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டி நிற்கும் கல் வீடுகள். அந்த வீடுகளில் பல இன்று வாடகைக்குக் கிடைக்கின்றன. தேனிலவு, குடும்பச் சுற்றுலா என்று இந்தியாவில் இருந்து போகிறவர்களும் இப்போது ஓட்டலுக்குப் பதிலா இந்த வில்லாக்களைத் தேட ஆரம்பிச்சிருக்காங்க.

ஆனா, இவ்வளவு நல்ல வீடுகள் ஏன் ஒரு காலத்தில் காலியாகக் கிடந்தன? அவற்றை யார், எப்படிப் புதுப்பிக்கிறாங்க? அங்கே தங்கினால் உண்மையில் எப்படி இருக்கும்? பணத்தைக் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்கணும்? இதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு லாபமா, நஷ்டமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வில்லான்னா என்ன... எல்லாமே வில்லாதானா?

இணையத்தில் தேடினால் எல்லா வீட்டுக்கும் 'வில்லா' என்றுதான் பெயர் போட்டிருப்பார்கள். இத்தாலியில் அதுக்குள்ளேயே பல வகை உண்டு. வாடகை வித்தியாசத்துக்கும் அதுதான் முக்கியக் காரணம்.

வில்லா: நிலவுடைமைக் குடும்பங்களின் நாட்டுப்புற மாளிகை. கோடையில் நகரத்து வெப்பத்தில் இருந்து தப்பிக்கவும், விளைச்சலை மேற்பார்வை பார்க்கவும் கட்டியது. ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தின் 12 வில்லாக்களும் 2 தோட்டங்களும் 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கூரையில் ஓவியம், முன்னால் அலங்காரத் தோட்டம், குளிர்காலத்தில் எலுமிச்சைத் தொட்டிகளை உள்ளே வைக்க 'லிமொனாயா' என்ற தனிக்கட்டடம் எல்லாம் இருந்தால் அது அசல் வில்லா.

காசா கொலோனிகா: உழவர் குடும்பம் வாழ்ந்த பண்ணை வீடு. கீழ்த்தளத்தில் மாட்டுத் தொழுவமும் சேமிப்பு அறைகளும், மேல்தளத்தில் மனிதர்கள். மேலே போக வெளிப்புறமா கல் படிக்கட்டு. இன்று 'டஸ்கன் வில்லா' என்று விளம்பரத்தில் வரும் வீடுகளில் பல, உண்மையில் இந்த வகைதான்.

ஃபத்தோரியா: பல பண்ணைகளைச் சேர்த்து நிர்வகித்த தலைமைப் பண்ணை. ஒயின் அறை, எண்ணெய்ச் செக்கு, தானியக் களஞ்சியம் எல்லாம் இங்கே இருக்கும்.

போர்கோ: சில வீடுகளும் ஒரு சின்னத் தேவாலயமும் சேர்ந்த குட்டிக் கிராமம். விராட் - அனுஷ்கா திருமணம் நடந்தது இந்த வகை இடத்தில்தான்.

இன்று நீச்சல் குளத்தோடு பளபளன்னு இருக்கும் பல வீடுகளின் வரவேற்பறை, எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் மாட்டுத் தொழுவம்.

அப்படின்னா இந்த வீடுகள் ஏன் காலியாச்சு?

காரணம் 'மெட்ஸாத்ரியா' என்ற பழைய குத்தகை முறை. நம்மூரில் நிலத்தை வாரத்துக்கு விடுவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே மாதிரி. நிலமும் வீடும் முதலாளியுடையது. உழைப்பு குத்தகைக் குடும்பத்துடையது. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. 'மெட்ஸோ' என்றால் இத்தாலிய மொழியில் பாதி என்று பொருள். பெயரே அதில் இருந்துதான் வந்தது.

இடைக்காலத்தில் தொடங்கிய இந்த முறை 20-ம் நூற்றாண்டு வரைக்கும் டஸ்கனி கிராமங்களின் முதுகெலும்பாக இருந்தது. குத்தகைக் குடும்பம் தான் உழும் நிலத்திலேயே குடியிருக்க வேண்டும். அதனால்தான் இங்கே வீடுகள் ஒரே இடத்தில் கூட்டமாக இல்லாமல், ஒவ்வொரு குன்றிலும் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. புகைப்படங்களில் அழகாகத் தெரியும் அந்தத் தனிமை, ஒரு காலத்தில் உழைப்புக்காக வகுத்த ஏற்பாடு. மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாமல் ஒரே வீட்டில் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தவர்கள் ஏராளம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு எல்லாம் மாறியது. நகரங்களில் தொழிற்சாலைகள் வந்தன, மாதச் சம்பளம் கிடைத்தது. 1950-கள், 60-களில் உழவர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பின. புதிதாக மெட்ஸாத்ரியா ஒப்பந்தம் போடக் கூடாது என்று 1964-ல் சட்டம் வந்தது. இருந்த ஒப்பந்தங்களைப் பண வாடகையாக மாற்ற 1982-ல் இன்னொரு சட்டம் வந்தது. கூரை சரிந்து, முட்புதர் மண்டி, ஆயிரக்கணக்கான கல் வீடுகள் அப்படியே நின்றன.

மலைநகரங்கள் மட்டும் எப்படி அப்படியே இருக்கு?

இதுக்குச் சரியான உதாரணம் சான் ஜிமிஞானோ. ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே, கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். தூரத்தில் இருந்து பார்த்தால் அடுக்குமாடிக் கட்டடங்கள் மாதிரி கல் கோபுரங்கள் தெரியும். வட ஐரோப்பாவில் இருந்து ரோமுக்கு யாத்திரை போன 'வியா ஃபிரான்சிஜேனா' பாதை இந்த ஊர் வழியாகப் போனது. யாத்ரீகர்களாலும் குங்குமப்பூ வியாபாரத்தாலும் ஊரில் பணம் கொட்டியது. பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கோபுரம் கட்டின. உச்சத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. நகர மன்றத்தின் கோபுரத்தை விட உயரமா யாரும் கட்டக் கூடாதுன்னு விதி போடும் அளவுக்குப் போட்டி.

1348-ல் வந்த கொள்ளை நோய் ஊரையே சாய்த்தது. சில ஆண்டுகளில் ஊர் ஃபிளாரன்ஸின் ஆளுகைக்குள் போனது. வியாபாரம் விழுந்தது, யாத்திரைப் பாதையும் மாறியது. பழையதை இடித்துப் புதுசா கட்ட யாரிடமும் பணம் இல்லை. அந்த வறுமைதான் ஊரை 14-ம் நூற்றாண்டுத் தோற்றத்திலேயே நிறுத்தி வைத்தது. இன்று சுமார் 14 கோபுரங்கள் மிச்சம். அவற்றில் உயரமான 'தோரே க்ரோஸா' 54 மீட்டர். மக்கள் அதன் உச்சி வரைக்கும் ஏறலாம். 1990-ல் பழைய நகரப் பகுதி முழுவதும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஊருக்குள் இருந்தாலும் சரி, வயலில் இருந்தாலும் சரி, இந்தக் கட்டடங்கள் தப்பித்தது யாரோ திட்டம் போட்டுக் காப்பாற்றியதால் மட்டும் இல்லை. பல காலம் யாருக்குமே அவை தேவைப்படாததும் ஒரு காரணம்.

மறுபடி உயிர் வந்தது எப்படி?

மூன்று விஷயங்கள் சேர்ந்து நடந்தன.

முதலாவது, வெளிநாட்டுக்காரர்கள். 1960-களில் இருந்தே ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் பாழடைந்த பண்ணை வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். 1990-ல் கோர்த்தோனா என்ற மலைநகரம் அருகே 'பிரமாசோலே' என்ற வில்லாவை வாங்கிப் புதுப்பித்த அமெரிக்க எழுத்தாளர் ஃபிரான்சஸ் மேயஸ், அந்த அனுபவத்தை 1996-ல் 'அண்டர் தி டஸ்கன் சன்' என்ற புத்தகமாக எழுதினார். 2003-ல் அது ஹாலிவுட் படமாகவும் வந்தது. டஸ்கனி வில்லா என்ற கனவை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, 'அக்ரிதுரிஸ்மோ' சட்டம். விவசாயி தன் பண்ணையிலேயே விருந்தினர்களைத் தங்க வைத்துச் சம்பாதிக்க 1985-ல் இத்தாலி சட்டம் கொண்டு வந்தது. 2006-ல் அதைப் புதுப்பித்தது. இதில் முக்கிய நிபந்தனை ஒன்று இருக்கு. விவசாயம்தான் பிரதானமாக இருக்கணும், விருந்தோம்பல் அதோடு இணைந்த தொழிலாகத்தான் இருக்கணும். விவசாயத்தை நிறுத்திட்டு ரூம் மட்டும் வாடகைக்கு விட்டா அது அக்ரிதுரிஸ்மோ இல்லை. இத்தாலி முழுக்க இன்று சுமார் 26,000 அக்ரிதுரிஸ்மோ பண்ணைகள் இருக்கின்றன. அதில் 5,000-க்கும் மேல் டஸ்கனியில்தான்.

மூன்றாவது, நிலக்காட்சிக்கே கிடைத்த பாதுகாப்பு. சியெனாவுக்குத் தெற்கே இருக்கும் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே பாதுகாக்கப்படுவது ஒரு கட்டடம் இல்லை. வயல், குன்று, சாலை, வீடு எல்லாம் சேர்ந்த காட்சி.

எப்படிப் புதுப்பிக்கிறாங்க... இஷ்டத்துக்குக் கட்ட முடியுமா?

முடியாது. பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடம் என்றால், கலாசார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் 'சோப்ரின்டென்ட்ஸா' என்ற அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் முக்கியமான எந்த வேலையும் செய்ய முடியாது. கலாசாரப் பாரம்பரியம் மற்றும் நிலக்காட்சிக்கான 2004-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்புதான் இதுக்கு அடிப்படை. அறிவிக்கப்படாத சாதாரணப் பண்ணை வீடாக இருந்தாலும், பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சிக்குள் இருந்தால் வெளித்தோற்றத்தை மாற்றத் தனி அனுமதி வாங்கணும். சன்னலைப் பெரிதாக்குவது, சுவர் நிறத்தை மாற்றுவது, கூரையில் சோலார் பலகை வைப்பது, நீச்சல் குளம் தோண்டுவது என எல்லாமே கேள்விக்கு உட்பட்டதுதான்.

பொருட்களிலும் கவனம் தேவை. தடிமனான கல் சுவரைச் சுண்ணாம்புச் சாந்தால்தான் பூச வேண்டும். ஏன் சிமென்ட் கூடாது? பழைய சுவர் மண்ணில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். கடைசியில் உப்புப் பூத்து, கல்லே உதிர ஆரம்பிக்கும். தரைக்கு 'கொத்தோ' எனும் சுட்ட மண் ஓடு. ஃபிளாரன்ஸ் அருகே இருக்கும் இம்ப்ருனேத்தா என்ற ஊர் இதற்குப் பேர் போனது. கூரைக்குத் தட்டை ஓட்டையும் வளைவு ஓட்டையும் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். உத்தரங்கள் பெரும்பாலும் செஸ்ட்நட், ஓக் மரங்களில்.

இன்னொரு சின்ன விஷயம். பழைய வீட்டின் வெளிச்சுவரில் இரும்புத் தகடோ பெருக்கல் குறி மாதிரி ஒரு கம்பியோ தெரிந்தால், அது அலங்காரம் இல்லை. உள்ளே ஒரு சுவரில் இருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் போகும் இரும்புக் கம்பியின் முனை அது. சுவர்கள் வெளிப்பக்கமாகப் பிரிந்து விழாமல் இழுத்துப் பிடிக்கும். நிலநடுக்கம் வரும் நாட்டில் இது உயிர் காக்கும் வேலை.

இந்தப் பராமரிப்பு ஒருமுறை செய்துவிட்டு மறக்கும் வேலை இல்லை. 2014 தொடக்கத்தில் பெய்த கனமழைக்குப் பிறகு வோல்தெர்ரா என்ற மலைநகரத்தின் இடைக்கால மதிலில் ஒரு பகுதியே சரிந்து விழுந்தது. யுனெஸ்கோ, அரசாங்கம் என்று யார் பார்வையில் இருந்தாலும், ஓடும் சாந்தும் வருஷா வருஷம் பணம் கேட்கும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, தங்க வருகிறவர்கள் கொடுக்கும் வாடகையில் இருந்துதான் வருகிறது.

தங்கினா உண்மையில் எப்படி இருக்கும்?

விளம்பரப் படத்தில் இல்லாத சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா ஏமாற்றம் இருக்காது.

வெயிலும் குளிரும்: தடிமனான கல் சுவர் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். பகலில் மரக்கதவு போட்ட சன்னல்களை மூடி வைத்து, இரவில் திறந்து விடுவதுதான் அங்குள்ள பழக்கம். எல்லா வீட்டிலும் ஏசி இருக்காது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் வசதியை எந்தத் தேதியில் இருந்து, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதற்கே இத்தாலியில் சட்டம் உண்டு. நாட்டை ஆறு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அறை வெப்பம் 20 டிகிரி, கூடுதலா 2 டிகிரி வரை சலுகை. அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போறது நல்லது.

கரன்ட்: இத்தாலிய வீடுகளில் வழக்கமான மின் இணைப்பு 3 கிலோவாட் மட்டுமே. பெரிய வில்லாக்களில் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அவன், வாஷிங் மெஷின், ஏசி மூன்றையும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆக வாய்ப்பு அதிகம். மெயின் சுவிட்ச் எங்கே இருக்குன்னு முதல் நாளே கேட்டு வெச்சுக்கணும். மின்னழுத்தம் நம்மூர் மாதிரியே 230 வோல்ட். ஆனால் நம்ம மூணு பின் பிளக் அங்கே பொருந்தாது. அடாப்டர் கண்டிப்பாகத் தேவை.

பாதை: வீட்டுக்குப் போகும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் தார் போடாத வெள்ளைச் சரளைச் சாலையாக இருக்கும். இரவில் விளக்கு இருக்காது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்வது நல்லது.

படிக்கட்டு: பழைய வீட்டில் லிஃப்ட் வைப்பது அபூர்வம். குளியலறைக்கே இரண்டு படி ஏறி இறங்க வேண்டி இருக்கலாம். வயசானவங்க கூட வர்றாங்கன்னா, தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் இருக்கான்னு எழுத்துப்பூர்வமாக் கேட்டு வாங்குங்க.

சாப்பாடு: சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ரொட்டி, பீன்ஸ், கீரை சேர்த்துக் கொதிக்க வைக்கும் 'ரிபொல்லீத்தா', ரொட்டியைத் தக்காளியில் ஊற வைத்துச் செய்யும் 'பாப்பா அல் பொமொதோரோ', கையால் உருட்டும் தடித்த 'பீச்சி' நூடுல்ஸ் எல்லாம் டஸ்கனி ஏழை உழவர்களின் சமையலில் இருந்து வந்தவை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. சூப்பில் இறைச்சிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது உண்டு, கேட்டுத்தான் ஆகணும். பெக்கோரினோ, பார்மிஜானோ போன்ற பாலாடைக்கட்டிகளை உறைய வைக்க விலங்கின் வயிற்றில் இருந்து எடுக்கும் நொதியைப் பயன்படுத்துவார்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டாங்க. அது கடைக்காரர் செய்த தப்பு இல்லை. அந்த ஊர் வழக்கம். வில்லாவில் சமையலறை இருப்பதால் அரிசியும் பருப்பும் வாங்கிச் சமைச்சுக்கலாம். ஆனா சின்ன ஊர்களில் மதியம் கடையை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து சனிக்கிழமையே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

எவ்வளவு செலவாகும்... எதெல்லாம் மறைந்திருக்கும்?

பெரிய வில்லாக்களைக் கோடைக்காலத்தில் ஒரு வாரக் கணக்கில்தான் கொடுப்பார்கள், சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை. ஜூலை, ஆகஸ்ட்டில் வாடகை உச்சத்தில் இருக்கும். மே, செப்டம்பர் மாதங்களில் வாடகையும் குறையும், வெயிலும் குறையும். தலைக்கு எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுப் பார்த்தா, எட்டு பத்து பேர் சேர்ந்து எடுக்கும் வில்லா பல நேரம் ஓட்டலை விட மலிவாக முடியும். இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் அக்ரிதுரிஸ்மோ பண்ணையில் ஒரு அறை போதும். அங்கே நாள் கணக்கிலும் கிடைக்கும்.

வாடகைக்கு மேல் வரும் செலவுகளில் கவனிக்க வேண்டியவை: கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணம், சேதத்துக்கான முன்பணம், பயன்படுத்திய அளவுக்குத் தனியாகக் கேட்கும் ஹீட்டிங் கட்டணம், உள்ளூர் நகராட்சி வசூலிக்கும் தங்கும் வரி. தங்கும் வரி ஆளுக்கு, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று இருக்கும். பெரும்பாலும் அங்கே போய்த்தான் கட்டணும்.

போலி விளம்பரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். அழகான படம், நம்ப முடியாத வாடகை, 'இன்னைக்கே முழுப் பணத்தையும் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்க' என்ற அவசரம். போய்ப் பார்த்தா அப்படி ஒரு வீடே இருக்காது, இல்லைன்னா வீட்டுக்காரருக்கே விஷயம் தெரியாது.

இதைத் தடுக்க இத்தாலி ஒரு வழி செய்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் 'சிஐஎன்' என்ற தேசிய அடையாள எண் கட்டாயம். வீட்டு வாசலிலும், இணைய விளம்பரத்திலும் அந்த எண் இருக்கணும். எண் வாங்காமல் வாடகைக்கு விட்டால் 800 முதல் 8,000 யூரோ வரைக்கும் அபராதம். எண் இருந்தும் காட்டாவிட்டால் 500 முதல் 5,000 யூரோ வரை. வாடகைக்கு விடும் வீடுகளில் எரிவாயுக் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் கண்டறியும் கருவி, தீயணைப்பான் ஆகியவை இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்த விதிதான்.

அதனால் பணம் அனுப்பும் முன் சிஐஎன் எண் என்ன என்று கேளுங்கள். 'அதெல்லாம் வேண்டாம்' என்று பதில் வந்தால் விலகிடுங்க.

வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்டாலும் பதற வேண்டாம். தங்க வருகிறவர்களின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் பதிவு செய்வது அவரது சட்டக் கடமை.

விசா, வண்டி... என்னென்ன தேவை?

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் என்றால் 15 நாள் முன்பு. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு அவசியம். தங்குமிடத்துக்கான ஆதாரம் கேட்பார்கள் என்பதால், வில்லாவின் முகவரி, தேதிகள், தங்கும் எல்லாருடைய பெயர்களும் உள்ள உறுதிக் கடிதத்தை வாங்கி வைக்கணும். விசா கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் முன்னாடியே பேசிடணும்.

வயலுக்கு நடுவே இருக்கும் வில்லாவுக்குக் கார் இல்லாமல் சிரமம்தான். சான் ஜிமிஞானோவில் ரயில் நிலையம் கிடையாது. சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள பொஜ்ஜிபோன்சி நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்கணும். கார் ஓட்ட இந்திய லைசென்ஸோடு, ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் தேவை. வாடகைக் கார்களில் கியர் வண்டிதான் அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லணும்.

எல்லாத்தையும் விட முக்கியம், 'இசட்டிஎல்' எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. பழைய ஊர்களுக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும்தான் போகலாம். வாசலில் கேமரா இருக்கும். யாரும் நிறுத்த மாட்டார்கள். சில மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீட்டுக்கே வரும். வாடகைக் கார் நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும். மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் ஒரே வழி.

ஊர்க்காரங்களுக்கு இதனால் லாபமா, நஷ்டமா?

லாபம் கண் முன்னால் தெரிகிறது. இடிந்து போயிருக்க வேண்டிய வீடுகள் நிற்கின்றன. கொத்தனார், தச்சர், தோட்டக்காரர், சமையல்காரர் என்று வேலை கிடைக்கிறது. விவசாயத்தில் மட்டும் பிழைக்க முடியாத குடும்பங்கள் நிலத்தை விற்காமல் தாக்குப் பிடிக்கின்றன. சான் ஜிமிஞானோவின் வெர்னாச்சா ஒயினும் குங்குமப்பூவும் பண்ணைக்கு வருகிறவர்களிடமே நேரடியாக விற்பனையாகின்றன.

மறுபக்கமும் இருக்கு. வார வாடகையில் கிடைக்கும் பணத்தை, உள்ளூர்க் குடும்பம் தரும் மாத வாடகையால் ஈடுகட்ட முடியாது. அதனால் வீட்டுக்காரர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கே கொடுக்க விரும்புகிறார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது கஷ்டமாகிறது. ஆட்கள் குறைந்தால் பள்ளிக்கூடம், மருந்துக்கடை, மளிகைக் கடை ஒவ்வொன்றாக மூடும். மிச்சம் இருப்பது நினைவுப் பொருள் கடைகளும் ஐஸ்கிரீம் கடைகளும்தான்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ரோமுக்கு வடக்கே இருக்கும் சிவிதா தி பான்யோரேஜோ ஒரு எச்சரிக்கை. அரிக்கும் மண்பாறை மேல் நிற்கும் அந்த ஊரில் நிரந்தரமாக வாழ்கிறவர்கள் ஒரு கைப்பிடி பேர்தான். உள்ளே போக 2013-ல் 1.50 யூரோ நுழைவுக் கட்டணம் கொண்டு வந்தார்கள். பிறகு அது 5 யூரோ ஆனது. அந்தப் பணம் ஊரைக் காப்பாற்ற உதவுகிறது. ஆனால் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் ஊர், ஊரா அருங்காட்சியகமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஃபிளாரன்ஸ் மாநகராட்சி 2023-ல் பழைய நகரப் பகுதிக்குள் புதிதாகக் குறுகிய கால வாடகை வீடுகள் வரத் தடை கொண்டு வந்தது. வீட்டு உரிமையாளர்கள் தரப்பு நீதிமன்றம் வரைக்கும் போனது. யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் அங்கே இன்னும் சூடாகத்தான் இருக்கு.

இந்தக் கேள்வி நமக்கும் புதுசு இல்லை. இத்தாலியில் இருந்து கப்பலில் வந்த பளிங்கு இன்றும் செட்டிநாட்டு வீடுகளின் தரையில் இருக்கிறது. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த அந்த வீடுகளில் சில இன்று பாரம்பரிய விடுதிகளாக மாறியிருக்கின்றன. பல இடிந்து, தூணும் கதவும் தனித்தனியாக விற்பனைக்குப் போயிருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில்தான் காத்திருக்கின்றன. வீட்டைக் காப்பாற்றப் பணம் வேண்டும், அந்தப் பணத்துக்காக ஊரை இழக்கவும் கூடாது. டஸ்கனி நாற்பது ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. சிஐஎன் எண் என்ன?

2. வாடகையில் எதெல்லாம் சேர்ந்தது, எதெல்லாம் தனி?

3. ஏசி, ஹீட்டிங் எந்தெந்த அறைகளில் இருக்கு? கட்டணம் எப்படி?

4. தரைத்தளத்தில் படுக்கையறை, குளியலறை உண்டா?

5. கடைசிப் பாதை தார்ச் சாலையா, சரளையா? மளிகைக் கடை எவ்வளவு தூரம்?

6. நீச்சல் குளம் எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரைக்கும் திறந்திருக்கும்? சுற்றி வேலி இருக்கா?

7. விசா மறுக்கப்பட்டாலோ, பயணம் ரத்தானாலோ முன்பணம் எவ்வளவு திரும்பும்?

எட்டாவதா ஒரு கேள்வியும் கேட்கலாம்: 'இந்தப் பண்ணையில் இப்பவும் விவசாயம் நடக்குதா?' நடக்குதுன்னா, நீங்க கொடுக்கும் வாடகை ஒரு பழைய சுவருக்கு மட்டும் இல்லை, அந்த நிலத்தை உழுகிற ஒரு குடும்பத்துக்கும் போய்ச் சேரும்.